ஒரு ராத்திரியை நம்பி ஒரு ஜில்லா

வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தவுடன் நம்மை நோக்கி ஒரு கேள்வி வருவது வழக்கமாகப் போய்விட்டது. தீபாவளிக் கதை புரட்டு, அந்தப் புரட்டுக்காகக் கடன் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம் என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள், "அப்படியானால் சிவகாசித் தொழிலாளியின் வயிற்றில் மண்ணைப் போடச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் யார் என்று பார்த்தால், மற்ற நாட்களிலெல்லாம் அந்தத் தொழிலாளி என்ன கூலி வாங்குகிறான், அவன் பெண்சாதி எத்தனை ஆயிரம் குழாய் சுற்றினால் எத்தனை ரூபாய் கிடைக்கிறது, உடம்பு வெந்து போனவர்கள் எந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட விசாரித்தறியாத கனவான்களாகவே இருக்கிறார்கள். பண்டிகைக்கு ஒரு கேடயம் வேண்டியிருக்கிறது. அதற்குத் தொழிலாளியின் வயிறு அகப்பட்டது. அவ்வளவுதான் சங்கதி.

ஆனாலும் கேட்பவர்களின் யோக்கியதை வேறு, கேள்வியின் யோக்கியதை வேறு. கேள்வி நியாயமானது. லட்சக்கணக்கான ஜனங்களின் கஞ்சி ஒரு பண்டிகையில் அடங்கியிருக்கும்போது, பண்டிகையை ஒழி என்று மாத்திரம் சொல்லிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட முடியாது. ஆகவே இதற்கு நேராகவே பதில் சொல்ல இஷ்டப்படுகின்றோம்.

முதலாவது, இதுவரை அந்த வயிற்றில் அடித்தவர்கள் யார்? 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். பேரியம் உப்புச் சேர்ந்த பட்டாசு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம் முதலியவற்றில் பெரும்பாகம் பேரியம் இல்லாமல் செய்யத் தெரியாத சரக்குகள். அந்த வருஷம் நவம்பரில் ஆலைகளைப் பூட்டினார்கள். திறக்க மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களில் பட்டினி கிடந்தவர்கள் ஆலைக்காரர்கள் அல்ல. டில்லியில் புகை மண்டினால் திருத்தங்கலில் அடுப்பு அணைகின்றது. இந்தத் தீர்ப்புக்கும் சுயமரியாதைக்காரனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை நம்மைக் கேள்வி கேட்கிறவர்கள் தயவு செய்து கவனிக்க வேண்டும். கோர்ட் வேண்டாம், தீபாவளிக்கு முந்தின வாரம் வட தேசத்தில் நாலு நாள் நல்ல மழை பிடித்தால் போதும், அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் குறைந்துவிடும். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செய்யப்படுகிற ஒரு பிரதேசம், ஓர் அசுரன் செத்ததாகச் சொல்லப்படும் ஒரே ராத்திரியை நம்பிக் கொண்டு வருஷம் பூராவும் மருந்து இடிக்கிறது என்றால், இது யார் செய்த ஏற்பாடு என்று நாம் கேட்கின்றோம்.

"அது கந்தக பூமி, அங்கே வேறென்ன விளையும்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். தலையெழுத்தை மனிதனுக்கு எழுதினது போதாதென்று மண்ணுக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்! சிவகாசியிலோ சாத்தூரிலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கந்தகம் வராது. கரிசல் மண்ணும் உப்புத் தண்ணீரும்தான் வரும். கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றவை. தீக்குச்சிக்கு வேண்டிய மரமோ மலையாளத்திலிருந்து வந்தது. அப்படியிருக்க அந்தத் தொழில் அங்கே எப்படி வந்தது?

1899-ம் வருஷத்தில், கோவிலுக்குள் போக நாடார்களுக்கு உரிமை உண்டா இல்லையா என்ற தகராறில் சிவகாசி ஊரே தாக்கிக் கொள்ளையிடப்பட்டது. அந்த அவமானத்தைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகளில் இரண்டு வாலிபர்கள், அய்ய நாடார், சண்முக நாடார் என்பவர்கள், 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, 1923-ல் தொழிலை ஆரம்பித்தார்கள். மழையில்லாத ஊரில் குச்சியும் பெட்டியும் வெயிலில் சீக்கிரம் காய்ந்தன. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் மலிவான கூலிக்குக் கிடைத்தார்கள். சுவீடன்காரர்களுடைய பெரிய இயந்திரக் கம்பெனிக்கு எதிரில் கைத்தொழில்காரர்கள் பிழைத்திருந்தது, சர்க்கார் கைத் தீப்பெட்டிக்குக் கலால் வரியில் சலுகை கொடுத்ததனால். இரண்டாவது உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு வாணம் வருவது நின்றது. பட்டாசுத் தொழில் ஊன்றிக்கொண்டது. ஆகவே அந்தத் தொழில் மண்ணிலிருந்து முளைத்ததும் அல்ல, கடவுள் கொடுத்ததும் அல்ல. போய்ப் படித்துக்கொண்டு வந்த புத்தியும், சர்க்காரின் வரிச் சலுகையும், மலிவான கூலியும் சேர்ந்து அதை உண்டாக்கின. உண்டாக்கியவர்களுடைய தைரியத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கோவில் கதவைத் திறக்கவில்லையே என்று அழுதுகொண்டு நிற்காமல் தொழிற்சாலைக் கதவைத் திறந்தார்களே, அதை மெச்சுகின்றோம். ஆனால் ஒரு தொழிலைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவர முடிந்தவர்களால், அடுத்த நூறு வருஷத்தில் இன்னும் பத்துத் தொழிலை வேறெங்கிருந்தாவது கொண்டுவர முடியாமற் போனதேன்?

முடியாமற் போகவில்லை, அவசியமில்லாமற் போயிற்று என்பதே நமது அபிப்பிராயம். ஓர் ஊரில் ஒரே தொழில் இருந்தால் கூலி பேசுகிற உரிமை முதலாளிக்கு மாத்திரமே உண்டு. இந்த வாசலை விட்டால் வேறு வாசல் இல்லாதவன் என்ன பேரம் பேசுவான்? மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தவன், அட்வான்ஸ் வாங்கி மூத்த பெண்ணின் கல்யாணத்தை முடித்தவன், "இந்த அறையில் ஆள் அதிகமாயிருக்கிறது, நான் உட்கார மாட்டேன்" என்று எப்படிச் சொல்லுவான்? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்று விதி இருக்கிறது. விதியைச் சுவரில் எழுதியும் வைத்திருப்பார்கள். லைசென்சு ஒருவர் பேரில் இருக்கும். உள்குத்தகை நாலு பேருக்குப் போயிருக்கும். அறை அறையாகப் பங்கு போட்டு, மரத்தடியிலும் உட்காரவைத்து, தீபாவளி நெருங்க நெருங்க வேகம் வேகம் என்று விரட்டுவார்கள். மருந்துக்கு உராய்வு ஒன்று போதும்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் செத்தவர்கள் 38 பேருக்குக் குறையாது. அதில் வேலைக்குப் போனவர்கள் மாத்திரமல்ல, சத்தம் கேட்டு உதவிக்கு ஓடினவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பிறகு 2023 அக்டோபர், 2024 மே, 2025 ஜூலை. ஒவ்வொரு தடவையும் இரங்கல், நிதி, விசாரணை, கைது, ஜாமீன். பிறகு அடுத்த வெடி. இந்தியா பூராவுக்கும் ராகுகாலமும் எமகண்டமும் குளிகையும் போட்டுக் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளியிடுவார்கள். அந்தக் காலண்டர்களில் ஒன்றிலாவது மேற்படி தேதிகளில் எந்த நாழிகையில் எந்த அறை வெடிக்கும் என்று போட்டிருந்ததா? நல்ல நேரம் பார்த்துத்தானே அந்த ஆலைகளுக்கும் பூமி பூஜை போட்டார்கள்? செத்தவர்கள் விதியால் செத்தார்கள் என்று இனியும் சொல்லுகிறவனுடைய வீட்டுப் பிள்ளையை ஒரே ஒரு நாள் மருந்துக் கலவை அறையில் உட்காரவைத்துப் பார்க்கட்டும். முதலாளிகள் என்ன ஜாதி, மருந்து அறையில் வெந்தவர்கள் என்னென்ன ஜாதி, அவர்களுக்குச் சொந்தமாக எத்தனை குழி நிலம் இருந்தது என்று சர்க்கார் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டால் விதி என்பதன் விலாசம் தெரிந்துவிடும்.

நிற்க. தொழில் செத்துவிடும், தொழில் செத்துவிடும் என்ற கூச்சல் நமக்குப் புதிதல்ல. தீப்பெட்டி ஆலைகளுக்கு விடியுமுன் கிராமம் கிராமமாகப் பஸ் அனுப்பிக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. பிஞ்சு விரலுக்குத்தான் குச்சி அடுக்க வரும், பிள்ளைகளை நிறுத்தினால் தொழிலும் போகும் குடும்பமும் போகும் என்று படித்தவர்களே வாதம் பண்ணினார்கள். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், அபாயத் தொழிலில் வேலை வாங்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அதற்குப் பின் நடந்ததென்ன? குழந்தை அடியோடு இல்லை என்று சத்தியம் செய்ய நாம் தயாரில்லை. ஆனால் அந்தப் பஸ்கள் நின்றன, பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போனார்கள், தீப்பெட்டியும் பட்டாசும் முன்னைவிட அதிகமாகவே விற்றன. பிஞ்சு விரல் வாதம் செய்தவர்கள் அதைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். 2005-ல் சட்டமான நூறு நாள் வேலை அந்தக் கரிசல் கிராமங்களுக்கு வந்தபோது, தீப்பெட்டி முதலாளிகளும் பட்டாசு முதலாளிகளும் ஒரே குரலாக, ஆள் வருவதில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்றார்கள். கண்மாயில் மண் வெட்டுவது சோம்பேறித்தனமாம்! வருஷத்தில் நூறு நாளைக்கு, அதுவும் கிடைத்தால், கண்மாய்க் கரையில் ஒரு சின்ன இரண்டாவது வாசல் திறந்ததற்கே இவ்வளவு பதட்டம் என்றால், அந்த ஜில்லாவில் நாலைந்து உருப்படியான தொழில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கூலி எங்கே போய் நிற்கும், மரத்தடியில் மருந்து அடைக்க எவன் வருவான் என்று யோசித்துப் பார்த்தால், ஒரே தொழில் என்பது யாருக்குச் சௌகரியம் என்று விளங்கிவிடும்.

பல தொழில் இருந்த ஊர் எப்படி இருக்கிறது என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். கோயமுத்தூரில் 1888-ல் முதல் பஞ்சு மில் வந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிச் சாமான் செய்யப் பட்டறை வந்தது. பட்டறைக்கு வார்ப்படச் சாலை வந்தது. கிணற்று மோட்டாரும் பம்பும் வந்தன. அரைக்கிற கிரைண்டர்கூட அங்கேதான் பிறந்தது. மில்கள் பல மூடிய காலத்தில் அங்கேயும் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மில்லில் பிட்டராக இருந்தவன் பம்புப் பட்டறையில் நின்றான், அவன் பிள்ளை லேத்தில் நின்றான். ஒரு தொழிலில் கற்ற கை இன்னொரு தொழிலுக்கும் உதவிற்று. சிவகாசியில் இருபது வருஷம் குழாய் சுற்றின கைக்கு, திரி செருகின கைக்கு, உலகத்தில் வேறெந்த ஆலையில் வேலை? கூலி குறைவு என்பதைக் காட்டிலும் இதுவே பெரிய நஷ்டம் என்று நாம் கருதுகிறோம். தொழிலாளியின் ஒரே சொத்து அவன் கைப்பழக்கம். அந்தச் சொத்து ஊர் எல்லையைத் தாண்டினால் செல்லாக் காசு.

சிவகாசிக்குள்ளேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த அச்சாபீசுகள், பிறகு காலண்டர், டைரி, நோட்டு, பாடப் புத்தகம், லாட்டரிச் சீட்டு என்று பெருகின. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது அடி பலமாகத்தான் விழுந்தது. ஆயினும் வேறு சரக்கு கையிலிருந்ததால் எழுந்து நின்றார்கள். அச்சு இயந்திரம் ஓட்டத் தெரிந்தவன் சென்னைக்குப் போனாலும் எர்ணாகுளத்துக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். ஆனால் அந்த இயந்திரத்தின் முன் நிற்பவன் ஆண். தாளை மடிப்பதும் ஒட்டுவதும் பெண். பட்டாசிலும் அப்படியே: கலவை ஆணுக்கு, குழாயும் சுற்றும் பெண்ணுக்கு. தீப்பெட்டியில் பெட்டி அடைப்பது பெண். இயந்திரம் வந்த இடத்தில் முதலில் வீட்டுக்குப் போனவளும் அவளே. எத்தனை தொழில் வந்தாலும் ஒவ்வொன்றிலும் கீழ்ப்படியைப் பெண்ணுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஊரில் பல தொழில் இருக்கிறது என்று பெருமை பேசுவது வர்ணாசிரமத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து வைப்பதேயாகும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2023 மார்ச்சில் விருதுநகர் ஜில்லா இ. குமாரலிங்கபுரத்தில் 1052 ஏக்கரில் பெரிய ஜவுளிப் பூங்கா ஒன்று அறிவிக்கப்பட்டது. நூற்பு முதல் தையல் வரை ஒரே இடத்தில் நடக்கும், ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். நாம் சந்தோஷப்படுகின்றோம், இரண்டாவது வாசல் என்று நாம் கேட்டது இதைப் போன்றதைத்தான். ஆனால் சந்தோஷத்தோடு ஒரு சந்தேகமும் இருக்கிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் எப்பேர்ப்பட்ட பெண்கள்? பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள், கல்யாணமாகாதவர்கள், விடுதியில் அடைத்து வைக்கப்படக் கூடியவர்கள். கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் "சுமங்கலி" என்று ஒரு திட்டம் நடந்ததே, மூன்று வருஷம் அடைபட்டு உழைத்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று, அதை மறந்துவிட வேண்டாம். கூலியை மாதாமாதம் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குத் தாலியின் பேரையும் சூட்டினார்கள்! 2024-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஒரு செல்போன் தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று பத்திரிகைகளில் வெளிவந்து, மத்திய சர்க்கார் மாகாண சர்க்காரிடம் அறிக்கை கேட்கும்படி ஆயிற்று. தாலி கட்டாவிட்டால் ஊர் ஏசுகிறது. கட்டினால் ஆலை ஏசுகிறது. பெண் எங்கேதான் நிற்பது?

அந்த 1052 ஏக்கரும் இப்படித்தான் ஆளெடுக்குமானால், முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் பிழைத்தவளுக்கு அதனால் என்ன லாபம்? அவளுக்கு வயது நாற்பது. இரண்டு பிள்ளை. எழுதப் படிக்க அரைகுறை. ஏழு வயதில் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்தானே அவள் பள்ளிக்கூடத்தைப் பறித்தார்கள்? இப்போது படிப்பில்லை என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவது எந்த நியாயம்? அவள் மறுபடியும் குழாய் சுற்றப் போவாள். போனபின் நம்மைப் பார்த்து, பட்டாசு வேண்டாமென்றால் அவள் வயிறு என்னாகும் என்று கேட்பார்கள்.

ஆகையால் நாம் கேட்பது வெறும் தொழிற்சாலை அல்ல. பட்டாசிலும் தீப்பெட்டியிலும் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பூங்காவில் இத்தனை இடம் என்று முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். வயது, கல்யாணம் இரண்டையும் கேட்கக் கூடாது. புதுத் தொழில் கற்கிற மாதங்களில் வயிற்றுக்கு என்ன செய்வது என்பதுதான் ஏழைக்கு முதல் கஷ்டம். கற்கும்போதே முழுக்கூலி கொடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பட்டாசு விற்பனையில் ஒரு வரி போட்டால் வெடிக்கிறவன் கொடுப்பான். கரியாகப் போகிற காசில் பத்தில் ஒரு பங்கு ஒரு பெண்ணுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுக்கட்டுமே! முதலாளிகளும் நூறு வருஷ லாபத்தில் கோவிலுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் போனது எவ்வளவு, புதுத் தொழிலுக்குப் போனது எவ்வளவு என்று கணக்குக் காட்டட்டும். பள்ளிக்கூடமும் காலேஜும் வைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் காலேஜில் படித்த பிள்ளைகள் உள்ளூரில் வேலை இல்லாமல் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள் என்பதையும் அவர்களே அறிவார்கள். உள்குத்தகைக்கு விட்ட லைசென்சை மறுபடியும் எந்தப் பினாமி பேரிலும் கொடுக்காமல் அடியோடு ரத்து செய்வதற்குச் சட்டசபையில் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இருக்கிற அதிகாரத்தை உபயோகித்தால் போதும்.

இவற்றையெல்லாம் செய்யச் சொல்லி ஒரு மகஜர் எழுதினால், தீபாவளிக்கு நம்மைக் கேள்வி கேட்கிற கனவான்களில் எத்தனை பேர் அதில் கையெழுத்துப் போட வருவார்கள்? வருகிறவர்களுக்கு நாம் முதல் இடம் விட்டு இரண்டாவதாகக் கையெழுத்துப் போடத் தயார். பூங்காவில் ஆளெடுக்க விண்ணப்பத் தாள் அச்சடிக்கும் வேலை எப்படியும் சிவகாசிக்குத்தான் வரும். அந்தத் தாளில் "கல்யாணமானவரா?" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று அச்சுக்கோக்கும் தோழர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லட்டும்.